வாட்டி ரிஷ்டன் தேர்ந்தெடுத்த பதினொரு பேர்

இடது கை பூட்ஸின் குதிகாலைத் தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை வளைந்த கத்தியின் நுனியால் பழைய தையலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு போனது. நன்றாக மெழுகு ஏற்றிய நூல், எளிதில் விடவில்லை. தைத்தவன் அது விடவே கூடாது என்று நினைத்துத் தைத்திருக்கிறான். பாதம் வளைகிற இடத்தில் தையல்கள் நெருக்கமாக விழுந்திருந்தன. அங்கே வந்ததும் கத்தி நின்றது. கட்டைவிரல் அந்த வரியை ஒருமுறை தடவியது. பிறகு அதையும் அறுத்தது.

அடித்தோல் தனியாகக் கழன்று வந்தது. உள்பக்கம் ஐந்து விரல்களும் அழுந்திய பள்ளம் கறுப்பாகத் தெரிந்தது. கை அதைக் கவிழ்த்து வைத்தது. பெஞ்சின் கீழிருந்து கால் வடிவத்தில் செதுக்கிய சின்ன அளவு மர அச்சு ஒன்றை எடுத்து, மேல்தோலை அதன்மீது இழுத்துப் பார்த்தது. முன்னால் ஒரு விரல் அகலம் மிச்சம். நுனியில் கெட்டித்தோலைப் பிரித்து, மிச்சத்தை வெட்டி, புது அடி போட்டுத் திரும்பத் தைக்கவேண்டும். பெண்ணின் கால்.

அந்தக் கைகள் வாட்டி ரிஷ்டனுடையவை. எங்கள் மில் ஊரான ஆல்டர்ஷாவில் அந்தப் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் கால்பந்தாட்டக்காரர் என்பார்கள், சின்னவர்கள் செருப்புத் தைப்பவர் என்பார்கள். அந்த பூட்ஸை 1913இல் அவரே தைத்தார், கிளெம் கெர்ஷாவுக்காக. இப்போது 1919, ஏப்ரல். கிளெம் பெல்ஜியத்தில் மண்ணுக்குள் இருக்கிறான். அவன் தங்கை ஹெட்டி எங்கள் தறிக்கூடத்துப் பெண்கள் அணியில் ஆடுகிறாள், நான் அதே அணியின் கோல் கீப்பர். சனிக்கிழமை, கால் கை இழந்து வந்த சிப்பாய்களுக்குப் பணம் திரட்ட, ஊர் அணியான ரோவர்ஸின் மைதானத்தில் ஆட்டம். அதற்குள் பூட்ஸ் வேண்டும்.

பூட்ஸைச் சின்னதாக்குவது வாட்டிக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. அதைக் கொடுப்பதற்கு முன்னால் கிளெமின் அப்பா ஜாப் கெர்ஷாவிடம் அவர் ஒன்று சொல்லியாகவேண்டும். இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. சனிக்கிழமைக்கு மேல் அதை வைத்திருக்க முடியாது.

வாட்டியின் அப்பாவும் இதே பெஞ்சில் உட்கார்ந்து தைத்தவர்தான். பத்து வயதில் வாட்டியைப் பாதி நாள் மில்லுக்கும் பாதி நாள் பள்ளிக்கும் அனுப்பினார். காலையில் வாட்டி நூற்பு இயந்திரத்தின் அடியில் அறுந்த நூலை முடிந்துவிட்டு, மத்தியானம் பள்ளி மேசையில் தலை சாய்த்துத் தூங்குவார். தூக்கம் போக மிச்ச நேரம் எல்லாம் கொதிகலன் சாம்பல் கொட்டுகிற மேட்டில் பந்து. விழுந்தால் முட்டியில் கரித்தூள் ஏறிவிடும். சாகும்வரை அவர் முட்டிகளில் நீலப் புள்ளிகள் இருந்தன.

பதினெட்டு வயதில் ஆல்டர்ஷா ரோவர்ஸ் அவரைக் கூலிக்கு எடுத்தார்கள். விளையாட்டுக்குக் கூலி வாங்குவது அப்போது சட்டப்படி சரி என்றாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. எங்கள் சேப்பல்காரர்களுக்கு அது இன்னும் சரியாகவில்லை. போதகர் கடைக்கே வந்துவிட்டார்.

"மிஸ்டர் ரிஷ்டன், கடவுள் கொடுத்த காலை வச்சு உங்க மகன் சனிக்கிழமை சம்பாதிக்கிறானாமே?"

"கடவுள் கொடுத்த வாயை வச்சு நீங்க ஞாயித்துக்கிழமை சம்பாதிக்கலையா?" என்று கேட்டுவிட்டு அப்பா ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டார்.

பதினான்கு வருடம் ஆடினார் வாட்டி. இடது நடுப்பகுதி. அவருக்குப் பின்னால் இடது தடுப்பில் ஜாப் கெர்ஷா. அந்தக் காலத்தில் வாரம் முழுக்க ஆட்டக்காரர்களுக்குப் பந்தையே காட்டமாட்டார்கள். பட்டினி போட்டால்தான் சனிக்கிழமை பந்துமேல் பசி வரும் என்பது ரோவர்ஸ் மேனேஜரின் நம்பிக்கை. ஓட்டமும், மேட்டுநில நடையும், வென்னீர்த் தொட்டியும்தான் பயிற்சி. கோடையில் சம்பளம் கிடையாது. வாட்டி கடைக்கு வந்துவிடுவார், ஜாப் தறிக்கூடத்துக்குப் போய்விடுவார்.

ஜாப் பிறகு தறி மேஸ்திரி ஆனார். எங்கள் பக்கத்தில் தறி மேஸ்திரி என்றாலே மடையன் என்று கேலிதான். வாட்டி விடவே மாட்டார். "ஒரு தறி மேஸ்திரி ஊர்ப் பந்தயத்துக்குப் புறா விட்டானாம். ரெண்டு கூண்டு வாங்கினானாம். ஏன்டா ரெண்டுன்னு கேட்டா, போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணுன்னானாம்."

"அந்தப் புறா திரும்பி வந்துது. நீ முன்னால ஓடினா பின்னால வர்றதே கிடையாது. பதினாலு வருஷம் உன் வேலையையும் சேத்து நான் பாத்தேன்" என்பார் ஜாப்.

ஜாப் கேப்டனாக இருந்த வருடம் கோப்பை அரையிறுதிக்கு முந்தைய வியாழன், கமிட்டியில் போய், வாட்டிக்கு முட்டி சரியில்லை, அவனை அணியிலிருந்து எடுங்கள் என்றார். எடுத்துவிட்டார்கள். அன்று மாலை மனைவி சுட்ட உருளைக்கிழங்கு அப்பத்தை எடுத்துக்கொண்டு அவரே வாட்டி வீட்டுக்கு வந்து நின்றார். வாட்டியின் மனைவி ஃபேனி கதவை அவர் முகத்தில் அறைந்து சாத்தினாள். வாட்டி எழுந்துபோய்த் திறந்தார். "உள்ள வா, அப்பம் ஆறிடும்" என்றார். அதோடு அது முடிந்தது. அணி என்றால் அப்படித்தான் என்று இருவருக்கும் தெரியும். நண்பன் என்று ஒருவனுக்கு இடம் கொடுத்தவனை எங்கள் ஊரில் மதிக்கமாட்டார்கள், இடம் வாங்கினவனையும்தான்.

முட்டி முழுதாக விட்ட பிறகு வாட்டி கடையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் இல்லை. ஜாபின் மகன் கிளெம் மில் விட்டதும் நேரே இங்கேதான் வருவான். மெலிந்த, வேகமான பையன், வலது ஓரம் ஆடுவான். ரோவர்ஸின் இரண்டாவது அணியில் இடம் கிடைத்ததும் வாட்டி அவனுக்கு அந்த பூட்ஸைத் தைத்துக் கொடுத்தார்.

அடுத்த வருடம் யுத்தம் வந்தது. கிளெம் 1915 வசந்தத்தில் பெயர் கொடுத்தான். ஜாபும் கொடுக்கப் போனார், எடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே தறிச் சத்தத்தில் நின்ற காது. எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் அதே கதைதான். நானூறு தறி ஓடும்போது கத்தினாலும் கேட்காது. உதட்டை நன்றாக அசைத்துச் சத்தமில்லாமல் பேசுவோம், எதிரில் இருப்பவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். ஜாபுக்குத் தறிக்கு வெளியிலும் அதுதான் கதி. முகத்தைப் பார்த்துப் பேசினால் ஒரு வார்த்தை விடமாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் சுவரிடம் பேசியதுபோல.

வாட்டிக்கு அப்போது நாற்பத்தொன்று, நாற்பதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். ஒன்றைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்துவிட்டார். ரயில் நிலையத்தில் ஜாப் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "பையனைப் பாத்துக்கோ" என்றார். அங்கே நின்ற எல்லா அப்பன்களும் யாரிடமாவது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாட்டி, "பாத்துக்கறேன்" என்றார்.

பட்டாளத்தில் அவருக்குத் துப்பாக்கி வேலை இல்லை. செருப்புத் தைக்கிறவன் என்று தெரிந்ததும் பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு கொட்டகையில் பெஞ்சு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆயிரம் பேரின் பூட்ஸ். சேறு நிறைந்து வரும், சில சமயம் அதைப் போட்டிருந்தவன் வரமாட்டான். முன்வரிசை எட்டு மைல் தள்ளி. பீரங்கிச் சத்தம் மட்டும் கொட்டகைக்கு வரும்.

கர்னலுக்குக் கால்பந்து என்றால் பைத்தியம். ரோவர்ஸ் வாட்டி ரிஷ்டன் தன் பட்டாளத்தில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் அணியை அவர் கையில் கொடுத்துவிட்டார். "பதினொரு பேரை நீ சொல்லு, கார்ப்பரல். நான் குறுக்கே வரமாட்டேன்." பல பட்டாளங்கள் சேர்ந்த டிவிஷனின் கோப்பைக்கு ஆட்டம் வைத்தார்கள். ஆட்டம் உள்ள வாரம் அந்தப் பதினொரு பேர் மட்டும் முன்வரிசைக்குப் போகவேண்டாம். பதினொன்றுக்கு மேல் ஒருவனுக்கும் விலக்கு இல்லை.

அதன் அர்த்தம் எல்லோருக்கும் புரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான்கு பிள்ளைகளின் தகப்பன் ஒருவன் கொட்டகைக்கு வந்து, சின்ன வயதில் கோல் கீப்பராக நின்றிருக்கிறேன் என்றான். இன்னொருவன் ஊரிலிருந்து வந்த கேக்கை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நின்றான். வாட்டி கேக்கைத் திருப்பிக் கொடுத்தார். ஒருவன் பெயரை எழுதினால் இன்னொருவனை மேலே, முன்வரிசைக்கு, அனுப்புகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாருக்குப் பிள்ளை அதிகம், யாருடைய அம்மா விதவை என்று பார்க்கத் தொடங்கினால் முடிவே இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே நியாயம் ஆட்டம்தான். நன்றாக ஆடுகிறவன் ஆடுவான். அதை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள அங்கே வேறு ஒன்றும் இல்லை.

முதல் ஆட்டத்திலிருந்து அரையிறுதிவரை வலது ஓரம் கிளெம்தான். அவன் ஆடியது நன்றாக இருந்ததால் ஆடினான். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் வேறு என்ன எழுத முடியும்? ஆட்டத்தைத்தான் எழுதினான். ஜாப் அவற்றை ஒயிட் ஹார்ஸ் மதுக்கடையில் சத்தமாக வாசித்துக் காட்டுவார்.

1917 மார்ச்சில் இறுதி ஆட்டம். அதற்கு முந்தைய வாரம் புதிதாக வந்த ஆட்களில் ரட்டர் என்று ஒருவன் இருந்தான். டர்ஹாம் பக்கத்துச் சுரங்கக்காரன், கட்டையான கால்கள். கொட்டகைக்குப் பின்னால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியவனை வாட்டி வாயில் ஆணிகளோடு நின்று பார்த்தார். மறுநாளும் பார்த்தார். கிளெமையும் அவனையும் எதிரெதிராக விட்டுப் பார்த்தார். கிளெம் அரையிறுதியில் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தான். பல நாளாகத் தூக்கம் இல்லை, இருமல் வேறு.

வியாழக்கிழமை மாலை வைக்கோல் கொட்டகையில் பதினொரு பெயரையும் வாய்விட்டுச் சொன்னார். கிளெம் பெயர் அதில் இல்லை. மற்றவர்கள் போன பிறகு அவன் கொஞ்சம் தயங்கி நின்றான்.

"வலது ஓரம் ரட்டரா, வாட்டி மாமா?"

"ஆமாடா."

"அவன் என்னைவிட வேகம்தான். நானும் பாத்தேன்." காலில் சுற்றும் பட்டையை அவிழ்த்துத் திரும்ப இறுக்கிக் கட்டினான். "ஜெயிச்சா கோப்பையில எனக்கும் ஒரு வாய் பியர் விட்டு வைங்க. ஆளாளுக்குக் குடிச்சு நக்கி வச்சிராதீங்க."

"உனக்குன்னு வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை கிளெம் தன் கம்பெனிச் சிப்பாய்களோடு மேலே போனான். சனிக்கிழமை பிற்பகல் வாட்டியின் அணி ஆடியது. அதே பிற்பகல், சேற்றுக்கு மேல் போட்ட பலகைப் பாதையில் தண்ணீர் டின்களைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்மீது குண்டு விழுந்தது. மூன்று பேர். ஒருவன் கிளெம். கோப்பையில் பியர் ஊற்றிச் சுற்றில் விட்டிருந்தபோது செய்தி வந்தது.

வாட்டி ஜாபுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளெம் நல்ல பையன், நல்ல ஆட்டக்காரன் என்று எழுதினார். அதற்குமேல் எழுதவில்லை. கிளெமின் கம்பெனியில் மிச்சம் இருந்தவர்களை அந்த வருடம் அக்டோபருக்குள் யுத்தம் முடித்துவிட்டது. அணியில் பிழைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள், ஆகவே ஊரில் சொல்ல ஆள் இல்லை. இறுதி ஆட்டத்தில் ஆடிக் கோப்பையை வாங்கிவிட்டுத்தான் மகன் மேலே போய்ச் செத்தான் என்று ஜாப் தானாக நினைத்துக்கொண்டார். ஒயிட் ஹார்ஸில் அதைத்தான் சொன்னார், தறிக்கூடத்தில் எங்களிடமும் சொன்னார். 1919 பிப்ரவரியில் வாட்டி திரும்பி வந்தபோது ரயில் மேடையிலேயே கட்டிக்கொண்டு, "போற வரைக்கும் அவனை ஆட விட்டியே, அது போதும்டா எனக்கு" என்றார்.

வாட்டி குனிந்து மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை ஆட்டம் இருந்த அந்த ஏப்ரல் வாரம், புதன்கிழமை மாலை ஜாப் கடைக்கு வந்தார். வாட்டி மேல்தோலைப் புது அச்சின்மீது இழுத்து, ஓரத்தைச் சுற்றிச் சின்ன ஆணிகளால் நிறுத்திக்கொண்டிருந்தார். ஜாப் வழக்கமான முக்காலியில் உட்கார்ந்தார்.

"லூதர் டாட் தெரியுமில்ல? உங்க கோல் கீப்பர்."

வாட்டி தலையாட்டினார்.

"சனிக்கிழமை வர்றானாம். கோப்பையோட எடுத்த படம் அவன்கிட்ட ஒண்ணு இருக்காம். பெரிசாக்கி, கண்ணாடி போட்டு, ரோவர்ஸுக்குக் கொடுக்கிறான். பெவிலியன்ல மாட்டப் போறாங்க. பொண்ணு ஆடறா, பையன் சுவத்துல. எப்படி இருக்கு? செயலாளர்கிட்ட சொல்லிட்டேன், வாசலுக்கு நேரா மாட்டணும், மூலையில கீலையில மாட்டினா நானே வந்து பிடுங்கிருவேன்னு. கிளெம் நிக்கிறானா, உக்காந்திருக்கானா? ஓரத்து ஆளுங்களைத் தரையில உக்கார வைப்பாங்க. நம்ம காலத்துல அப்படித்தானே?"

வாட்டி குனிந்தபடியே இருந்தார். உதடுகளுக்கு இடையில் நான்கு ஆணிகள். ஒன்றை எடுத்து அடித்தார். பிறகு, பூட்ஸைப் பார்த்துக்கொண்டே, "கிளெம் அந்த ஆட்டத்துல ஆடல, ஜாப்" என்றார்.

ஜாப் சன்னலுக்கு வெளியே யாரையோ பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார். "மழை வராம இருக்கணும்" என்றார் திரும்பி. "ஹெட்டிக்குச் சேறுன்னா ஆகாது. அவ அம்மா மாதிரி, பாவாடை நுனி நனையக்கூடாது. இப்ப அரைக்கால் சட்டையில ஓடறா. அவ அம்மா பாத்திருந்தா ரெண்டாந்தடவை செத்திருப்பா." சிரித்துவிட்டு எழுந்து போனார்.

உள்ளறையிலிருந்து ஃபேனி வந்தாள். கையில் மாவு. பின்னாளில் இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவள்தான்.

"நீ சொன்னது எனக்குக் கேட்டுது" என்றாள்.

வாட்டி அடுத்த ஆணியை எடுத்தார்.

"அவனுக்குக் கேக்கல. கேக்காதுன்னு உனக்குத் தெரியும். சொல்லிட்டேன்னு உன் மனசுக்கு ஒரு சாக்கு வேணும், அதுக்குத்தான் குனிஞ்சுக்கிட்டுச் சொன்ன."

"சொல்ல வரலை, ஃபேனி."

"சனிக்கிழமை அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு அவன் தேடுவான். ஒவ்வொரு மூஞ்சியா. பக்கத்துல ஊரே நிக்கும். அதைப் பாத்துக்கிட்டு நிக்க உனக்கு வருமா?"

அவள் உள்ளே போய்விட்டாள். வாட்டி அன்று மேற்கொண்டு வேலை செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை மில் விட்டதும் ஜாப் வந்தார். புது அடித்தோல் தைத்தாகிவிட்டது. சேற்றில் பிடிப்பதற்கு அடியில் அடிக்கும் தோல் பட்டைகள் மட்டும் பாக்கி.

"முடிஞ்சுதா?"

வாட்டி வாயிலிருந்த ஆணிகளை எடுத்துத் தகர டப்பாவில் போட்டார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"உக்காரு. என் வாயைப் பாரு."

"என்னடா, போதகர் மாதிரி?"

"கிளெம் கடைசி ஆட்டத்துல ஆடல. நான் அவனை அணியிலேருந்து எடுத்துட்டேன்."

ஜாப் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பச் சொல்லு."

வாட்டி திரும்பச் சொன்னார், ஒவ்வொரு வார்த்தைக்கும் உதட்டை நன்றாக அசைத்து.

"ஆடலைன்னா அவன் எங்க இருந்தான்?"

"மேல. கம்பெனியோட."

"எப்ப அடிபட்டான்?"

"நாங்க ஆடிக்கிட்டிருந்தப்ப."

ஜாப் தொப்பியைக் கழற்றி முட்டியில் வைத்தார். "நீ அங்க இருந்தியா?"

"மைதானத்துல இருந்தேன். கோட்டுக்கு வெளியில."

"அவன் இடத்துல யாரு?"

"ரட்டர்னு ஒருத்தன். டர்ஹாம் பையன்."

"கிளெமைவிட நல்லா ஆடுவானா?"

"ஆமா."

"எவ்வளவு நல்லா?"

ஃபேனி பின்னாளில் என்னிடம், இந்த இடத்தில் அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லிவிடட்டும் கடவுளே என்று கதவுக்குப் பின்னால் நின்று வேண்டிக்கொண்டேன் என்றாள். வாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். சரியாகச் சொல்வதற்குத்தான் யோசித்தார்.

"கொஞ்சம். கிளம்பின உடனே முதல் ரெண்டு மூணு அடியில கொஞ்சம் வேகம். பந்தைத் தூக்கிப் போடறதுல கிளெம்தான் மேல். எல்லாம் சேத்துப் பாத்தா அவன் கொஞ்சம் மேல்."

"கொஞ்சம்."

"ஆமா."

"ஜெயிச்சீங்களா?"

"ரெண்டுக்கு ஒண்ணு. ரெண்டாவது கோல் ரட்டர் கொடுத்த பந்துல."

"அவன் இருக்கானா?"

"இல்ல. அந்த அக்டோபர்லயே போயிட்டான்."

தெருவில் மரச் செருப்புகளின் சத்தம் வந்து, தேய்ந்து, நின்றது. மாலை வேலை முடித்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜாப் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"அவன் ஏதாச்சும் சொன்னானா? எடுத்துட்டேன்னு சொன்னப்ப?"

"ரட்டர் வேகம்னு சொன்னான். தானும் பாத்தேன்னான்."

"பாத்திருப்பான். கண்ணு நல்லா இருந்துது அவனுக்கு." ஜாப் எழுந்தார். முக்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தார். "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன், வாட்டி. வேகமானவனைத்தான் போட்டிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்."

வாட்டி கையை நீட்டவில்லை. ஜாப் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"அதனாலதான் சொல்றேன். இனிமே நான் இங்க வரமாட்டேன். உன் மூஞ்சியைப் பாத்தா, நானே எம்பையனை மேல அனுப்பின மாதிரி இருக்கு. உன்மேல கோவப்படக்கூட வழி இல்லாம பண்ணிட்ட."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

சொன்னதுபோலவே அவர் பிறகு வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் தலையை அசைப்பார், வாட்டியும் அசைப்பார். பன்னிரண்டு வருடம் கழித்து வாட்டி மார்புச் சளியில் இறந்தபோது ஜாப் சேப்பல் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. சவப்பெட்டியைத் தூக்க ஒரு ஆள் குறைந்தது. வெளியே பார்த்துவிட்டு ஃபேனி வேறு யாரையோ கூப்பிடச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாளைச் சொல்லவேண்டும். சனிக்கிழமை அரை நாள் வேலை. மில் விட்டதும் ஹெட்டியும் நானும் நேரே கடைக்கு வந்தோம். வழியெல்லாம் அவள் பேசவில்லை. நான்தான் வாசலில் நின்று, "வேண்டாம்னா என் பூட்ஸைப் போட்டுக்கோ, நான் மரச் செருப்போட கோல்ல நின்னுக்கறேன்" என்றேன்.

"உன் கால் படகு மாதிரி இருக்கு" என்றாள். உள்ளே போனாள்.

வாட்டி தோல் பட்டைகளை அடித்து முடித்து, ஓரங்களைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார். முந்தின இரவு அவர் தூங்கவில்லை என்பது தெரிந்தது.

"அப்பா நேத்து ஒயிட் ஹார்ஸுக்குப் போனார், மாமா" என்றாள் ஹெட்டி. "குடிக்கல. ஒவ்வொரு மேசையா போய், எம்பையன் கடைசி ஆட்டத்துல இல்ல, நான் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னாராம். எல்லார்கிட்டயும். அவர் சொன்னதையே மறந்துபோனவங்ககிட்டகூட."

வாட்டி சில்லைப் பெஞ்சில் வைத்தார்.

"காலையில செயலாளரைப் பாத்து, படத்தை வாசலுக்கு நேராவே மாட்டுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ஆட்டத்துக்கு வருவாரான்னு தெரியல."

"வருவாரும்மா. நீ ஆடறே."

"முதல் கடுதாசியிலயே எழுதியிருக்கலாம் நீங்க."

"ஆமா."

"ரெண்டு வருஷமா அவரைப் பேச விட்டுட்டீங்க."

"ஆமா, ஹெட்டி."

அவள் முக்காலியை இழுத்து உட்கார்ந்து மரச் செருப்பைக் கழற்றினாள். வாட்டி கீழே மண்டியிட்டார். அந்த முட்டி மடங்க நேரம் பிடித்தது. பூட்ஸை அவள் காலில் ஏற்றி, நாடாவைக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு துளையிலும் இறுக்கினார். நுனியில் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இடிக்குதா?"

"இல்ல."

"குதிகால் தூக்குதா? எழுந்து நட."

கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பட்டைகள் கல் தரையில் டக்கென்று விழுந்தன. ஒரு இடத்தில் நின்று, ஓடத் தொடங்குவதுபோல முன்னங்காலில் எழும்பினாள்.

"வலதுல, சுண்டுவிரல்கிட்ட ஏதோ உறுத்துது."

"கழட்டிக் கொடு."

ஒரு பட்டையின் ஆணி முனை உள்பக்கம் மயிரளவு எட்டிப் பார்த்தது. வாட்டி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, பூட்ஸைப் பெஞ்சிலிருந்த இரும்புக் கால் அச்சில் மாட்டி, நான்கு அடி அடித்து முனையை மடக்கினார். திரும்பத் தடவினார். அரத்தால் தேய்த்தார். துணியால் இரண்டு பூட்ஸையும் துடைத்து, இடதின் நாடாவையும் வலதின் நாடாவையும் சேர்த்து முடிந்தார், தோளில் போட்டுக்கொண்டு போக வசதியாக.

ஹெட்டி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் கொடுத்தார்.